திரையில் நிற்கும் எழுத்து

மலாக்காவில் 1781இல் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பிய செட்டிச் சமூகத்தார், காலப்போக்கில் தமிழ்ப் பேச்சை இழந்து மலாய் பேசலாயினர். தோட்டப்புறங்களிலோ தமிழ்ப் பள்ளிகள் எழுத்தைக் காத்தன, மொழியும் நின்றது.

எழுதுபுலத்திற்கேற்ப எழுத்தை அமைப்பது தமிழுக்குப் புதிதன்று. ஓலை கிழியாதிருக்கப் புள்ளியை விடுத்தே ஏடெழுதினர் முன்னோர்.

கணினித் திரைக்கு இப்பணியை 1985இல் 'முரசு' மென்பொருளால் தொடங்கினார் மலேசியரான முத்து நெடுமாறன். மேசைக் கணினியில் பரந்து நின்ற கொம்பும் சுழியும், கைப்பேசியின் குறுந்திரையில் தெளிவுற நிற்க இடம் போதவில்லை. அங்கும் தமிழில் எழுத வழிசெய்தது, 2005 பொங்கலன்று வெளிவந்த 'செல்லினம்'.

தோட்டம் விட்டு நகர் புகுந்த தலைமுறையின் கையிலிருப்பது ஏடன்று, திரை. திரை எவ்வடிவாயினும் அதில் எழுத்து நின்றாலன்றோ மொழி நிற்கும்!