தோட்டத்து டிரெசர் முதல் தொலைமருத்துவம் வரை: காப்பார் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருக்க, இடையே ஒரு கருவி நின்று செய்தியைக் கொண்டு சேர்ப்பதைத் தொலைமருத்துவம் என்கிறோம். இது கணினிக் காலத்தின் புதுமை என்பது பொதுவான எண்ணம். ஆயினும், காப்பார் போன்ற தோட்டப்புறங்களின் வரலாற்றை நோக்கின், தொலைவில் உள்ள மருத்துவரிடம் வைத்தியம் பெறுவது நம் முன்னோர்க்குப் பழகிய நிலையே என்பது புலப்படும். அன்று இடையில் நின்றது கருவியன்று, ஒரு மனிதர்.

கிள்ளான் வட்டாரத்தின் நவீன மருத்துவ வரலாற்றில் மலேரியாவுக்கு முதன்மையான இடமுண்டு. 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. காய்ச்சலும் உடன் வந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தும் காட்டை அகற்றியும் நோயைத் தணித்தார். அம்முறை பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் பரவியது.

எனினும், ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு மருத்துவர் கிடைத்தாரில்லை. ஒருவரே பல தோட்டங்களுக்குப் பொறுப்பேற்று, குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாள்களில் லயத்து மக்களுக்கு மருத்துவம் பார்த்தவர் டிரெசர். கொயினா கொடுத்தவரும், புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என முடிவு செய்தவரும் அவரே. நோயாளியின் பேச்சைக் கேட்டு, அதை மருத்துவருக்குரிய மொழியில் எடுத்துரைத்தவரும் அவரே.

இவ்வமைப்பை நாம் பொற்காலமாகப் போற்ற வேண்டுவதில்லை. டிரெசர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். ஆதலால், நோயுற்றவர்க்கு ஓய்வு தருவதும் மறுப்பதும் மருத்துவத்தை மட்டுமே பொறுத்திருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வுடன் முறையான மருத்துவ வசதியையும் கோரினர் என்பது இங்கு எண்ணத்தக்கது. டிரெசர் பணியைப் பதிவுக்கு உட்படுத்தும் தோட்ட மருத்துவ உதவியாளர் சட்டம் 1965இல்தான் பிறந்தது.

அடுத்த திருப்பம் 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் திட்டம். அதன் முதன்மைத் துறைகளுள் தொலைச்சுகாதாரமும் ஒன்று. 1997இல் தொலைமருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நோயாளியின் எழுத்துவழி ஒப்புதலைப் பெறவேண்டும். அதற்குமுன் இம்முறையின் நன்மை தீமைகளை அவருக்கு விளக்கவேண்டும். ஒப்புதலை எப்போது வேண்டுமாயினும் மீட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. மருத்துவ உதவியாளர், தாதியர் ஆகியோரும் மருத்துவரின் மேற்பார்வையில் இதில் ஈடுபட அது வழி வகுக்கிறது. இடையில் நிற்கும் மனிதரைச் சட்டமும் மறக்கவில்லை.

ஆனால், 2020இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோதும் அச்சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. மருத்துவமனைக்குச் செல்வதே அச்சமாயிற்று. 2021இன் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. எண்ணற்றோர் வீட்டிலேயே தனித்திருந்து, கைப்பேசியின் வழியே தம் நிலையைத் தெரிவித்தனர். சட்டம் காத்திருக்க, தேவை முந்திக்கொண்டது.

இங்கேதான் மொழி பற்றிய வினா எழுகிறது. குத்தல், குடைச்சல், உளைச்சல், காந்தல், கரிப்பு, பிடிப்பு என நோவுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! நெஞ்சு கரிக்கிறது என்பதும் நெஞ்சை அடைக்கிறது என்பதும் மருத்துவருக்கு இருவேறு செய்திகள். ஒன்று செரிமானக் கோளாறாக இருக்கலாம், மற்றொன்று மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி, திரைக்கு முன் அமர்ந்து, தமக்குத் தெரிந்த மலாயில் ‘சாக்கிட்’ என்று மட்டும் சொல்வாராயின், அத்தனை வேறுபாடும் ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடும். நேரில் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் கையால் உணர்வதைத் திரையில் காணும் மருத்துவர் சொல்லால் மட்டுமே உணர இயலும். விளங்காத மொழியில் இட்ட ஒப்புதலோ, பழைய கைநாட்டின் மறுபிறப்பேயாகும்.

தோட்டங்கள் பல மறைந்தன. டிரெசரும் மறைந்து வருகிறார். அவர் செய்த மொழிப்பணி மட்டும் ஆளின்றி நிற்கிறது. இன்று பல வீடுகளில் அதனைச் செய்பவர், பாட்டிக்கு அருகில் கைப்பேசியைப் பிடித்து நிற்கும் பேரப்பிள்ளையே. ஆகவே, உடல், நோய், வலி பற்றிய சொற்களைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இணைத்துக் கற்பிப்பதை நம் வகுப்பறைகள் மேற்கொள்ளவேண்டும். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு இச்சொற்களைத் தொகுப்பது நல்ல தொடக்கமாகும். அதனை மொழிப் பயிற்சி என்று மட்டும் கருதிவிடலாகாது. ஒருநாள் ஓர் உயிரைக் காக்கவும் அது துணைநிற்கும்.