புன்கு, புங்கு, பொங்காமியா

புங்கு, புங்கம், புங்கை, புங்கன் என்று ஊருக்கொரு விதமாகச் சொல்கிறோம். எல்லாம் ஒரே மரம்தான். இவற்றுள் பழைய வடிவம் புன்கு. குறுந்தொகையின் 53ஆம் பாட்டில், கோப்பெருஞ்சோழன் இந்த மரத்தை வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறார். அதன் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடப்பது, தெய்வமேறி வெறியாடும் களத்தில் நெற்பொரி சிதறியது போலத் தோன்றுகிறது. சித்திரை வெயிலில் ஒரு புங்க மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. சொல் பழையது. மரம் காட்டில் அல்ல, வாசலில் இருந்தது. இரண்டையும் இந்தப் பாட்டே சொல்லிவிடுகிறது.

புன்கு எப்படிப் புங்கு ஆயிற்று? ககரத்துக்கு முன் நிற்கும் னகரம் பேச்சில் ஙகரமாக மாறுவது இயல்பு. 'என்கிறான்' என்று எழுதிவிட்டு 'எங்கிறான்' என்றுதானே சொல்கிறோம். 'பொங்கிப் பூப்பதால் பொங்கம், அதிலிருந்து புங்கம்' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாக இருந்தாலும் ஏற்க முடியவில்லை. பழைய வடிவில் இருப்பது னகரம். அது பொங்குதல் என்ற வினையோடு ஒட்டாது.

கன்னடத்தில் இம்மரம் ஹொங்கே. பழைய வடிவம் பொங்கெ. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, இங்கும் பகரம் ஹகரமாகியிருக்கிறது. உகரம் ஒகரமாக நெகிழ்வது நம் பேச்சிலும் உண்டு. குடம் கொடமாகிறது, புகை பொகையாகிறது. மலையாளக் கரையிலும் அந்த ஒகரம் ஒலித்தது. அதைக் காதால் கேட்டு எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் இம்மரம் 'பொங்கம்' என்ற பெயரோடு இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்தார். 1763இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சன், இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து, மலபார்ப் பெயரையே அதற்குச் சூட்டினார். பொங்கம் லத்தீன் வால் முளைத்துப் பொங்காமியா ஆனது இப்படித்தான். 1980களில் இதை 'மில்லெட்டியா' என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அது மில்லெட் என்ற ஓர் ஐரோப்பியரின் பெயரால் அமைந்தது. இப்போது பல பட்டியல்கள் மீண்டும் பொங்காமியாவுக்கே திரும்பியிருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சி. வேதியியலாரும் இதன் விதையில் பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குப் பொங்கமால் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்றுக்குக் கரஞ்சின், அது இம்மரத்தின் வடமொழிப் பெயரான கரஞ்சத்திலிருந்து வந்தது.

எண்ணெய்களுக்கு நாம் பெயர் வைத்த முறையையும் இங்கே பார்க்க வேண்டும். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு அது எல்லா விதைக்கும் பொதுவாகி, நிலத்தடியில் கிடைத்ததையும் மண்ணெண்ணெய் என்று சொல்ல வைத்தது. ஆமணக்கிலிருந்து வந்தது விளக்கெண்ணெய். மண்ணெண்ணெய் வருமுன் நம் வீடுகளில் எது எரிந்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று. புங்கெண்ணெயும் விளக்கில் எரிந்ததுதான். கசப்பதால் சமையலுக்கு ஆகாது. எனவே எரிப்பதா உண்பதா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை.

விளக்கில் எரிந்தது இயந்திரத்திலும் எரியும். ஆனால் இந்தியாவின் உயிரி டீசல் திட்டம் 2003இல் தேர்ந்தெடுத்தது காட்டாமணக்கை. அந்தப் பெயரைக் கவனியுங்கள். மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட செடி அது. ஆமணக்கைப் போல் இருந்ததால் 'காட்டு' என்ற அடைமொழி சேர்த்து, இருந்த பெயரையே கடனாகக் கொடுத்தோம். வேலிக்கு நட்டோம், அதற்கு மேல் அதோடு நமக்குப் பழக்கமில்லை. ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நட்டு, 2012க்குள் டீசலில் 20 விழுக்காடு கலப்பது என்று கணக்குப் போடப்பட்டது. செடி வறட்சியில் உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் நீரும் உரமும் இல்லாமல் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. பல உழவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். 2020 வரைகூடக் கலப்பு 1 விழுக்காட்டைத் தொடவில்லை. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலந்து ஒரு விமானம் பறந்தது. அது பெருமைக்குரிய நாள்தான், ஆனால் விமானம் பறந்ததால் வயல் காய்த்துவிடாது.

காட்டாமணக்குத் திட்டம் தொடங்கிய காலத்தையொட்டிக் கர்நாடகத்தில் நடந்தது அமைதியான வேலை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கக்கனஹள்ளி என்ற சிற்றூரில் ஹொங்கே எண்ணெயை ஊற்றியே டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டினார். புதிய மரத்தை அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. ஊரார் ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்த மரம் போதுமானதாக இருந்தது.

புங்க விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். டீசலை விடக் கெட்டி என்பதால், மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்குவார்கள். கிளிசரின் அடியில் பிரிந்துவிடும்; மேலே நிற்பதுதான் உயிரி டீசல். பிண்ணாக்கு உரமாகும். வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். தழையை நெல்வயலில் மிதித்த தலைமுறைக்கு அது நைட்ரஜன் என்று தெரியாது, ஆனால் பயன் தெரியும். குறைகளையும் சொல்ல வேண்டும். மரம் காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரத்துக்கு மரம் விளைச்சல் மாறும். காய் பொறுக்கி உடைக்க ஆள் கூலி உண்டு. இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நம் மண்ணில் முதலில் நம்பியிருக்க வேண்டியது காட்டாமணக்கை அல்ல, புன்கைத்தான் என்பது என் கருத்து.

'உயிரி எரிபொருள்' என்ற சொல்லில் எனக்கு ஒரு மனக்குறை. அதில் எந்த மரமும் இல்லை. எள்ளைச் சொன்னது எண்ணெய். விளக்கைச் சொன்னது விளக்கெண்ணெய். புங்கிலிருந்து எடுத்ததைப் புங்க டீசல் என்றே எழுதுவோம், பேசுவோம். எந்த விதை, யார் நிலம், யார் பொறுக்கியது என்ற கேள்விகள் அந்தப் பெயரோடு தாமாக வரும்.

ஹவாயில் கரும்பு கைவிடப்பட்ட நிலங்களிலும், ஃபுளோரிடாவில் நோயால் அழிந்த ஆரஞ்சுத் தோட்டங்களிலும் இன்று இந்த மரத்தை வரிசை வரிசையாக நடுகிறார்கள். அங்கே அதன் பெயர் பொங்காமியா. உங்கள் தெருப் புங்க மரத்தடியில் மாசி முதல் சித்திரை வரை உதிரும் காய்களைச் சருகோடு கூட்டிக் கொளுத்திவிடாதீர்கள். ஒரு சாக்கில் சேர்த்துச் செக்குக்குக் கொடுத்துப் பாருங்கள்.