ஒல்லாந்தர் கால இலங்கையில் கத்தோலிக்க விசுவாசம் (1658–1796)

யாழ்ப்பாணக் கோட்டை 1658 ஜூன் மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கொழும்பு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வீழ்ந்திருந்தது. அன்று முதல் 1796இல் ஆங்கிலேயர் வந்து சேரும்வரை இலங்கையின் கரையோரக் கத்தோலிக்கர் ஆட்சியாளரால் ஒதுக்கப்பட்டவர்களாகவும், நெடுங்காலம் வெளிப்படையாகவே தடைசெய்யப்பட்டவர்களாகவும் வாழ்ந்தனர். முதல் 29 ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் அவர்களோடு தங்கிப் பணியாற்றக் குருக்கள் இல்லை. ஆயினும் அந்தச் சமூகம் அழியவில்லை. இந்த வரலாறு பெரும்பாலும் 1687இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அவருடைய பங்கு பெரியதுதான். ஆனால் அவர் வந்தபோது தேடிக் கண்டுபிடிக்க ஒரு மந்தை எப்படி மிச்சமிருந்தது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. துன்பக் காலத்தில் விசுவாசத்தைத் தாங்கியவை ஊர்தோறும் பொதுநிலையினர் தமக்குள் பகிர்ந்துகொண்ட சிறு கடமைகள் என்பதே அந்த வரலாறு தரும் விடை.

பின்னணி

இந்த ஏற்பாட்டின் வேர் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இருக்கிறது. 1542 முதல் தமிழகக் கரையிலுள்ள முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் அடிப்படைச் செபங்களையும் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கினார். தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது சனங்களைக் கூட்டிச் செபம் சொல்லித்தரவும், ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்தப் போதனையை நூலாக்கியது. எதிர்க்கரையான மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். ஆகவே அப்பகுதியின் கத்தோலிக்க நினைவு தொடக்கத்திலிருந்தே துன்பத்தோடு பிணைந்திருந்தது. மறுபுறம், 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமான பிறகு மதமாற்றம் அதிகாரத்தின் துணையோடும் நடந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

தடை நடைமுறைக்கு வந்த விதம்

ஒல்லாந்தர் குருக்களை வெளியேற்றினர். குருக்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே அறிவித்தனர். கோயில்கள் ஒல்லாந்தரின் புராட்டஸ்தாந்துச் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பு பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், இவ்வாறு கைமாறிய கோயில்களை ஒவ்வொன்றாக விவரித்துப் படங்களும் சேர்த்திருக்கிறார். அன்றாட வாழ்க்கையைத் தொட்டது பள்ளித் தோம்பு. ஊர்ப் பள்ளி ஆசிரியர் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றை அந்த ஏட்டில் பதிந்தார். அதில் பெயர் இல்லாத திருமணம் சட்டத்தின்முன் செல்லாது. அத்திருமணத்தில் பிறந்த பிள்ளையின் சொத்துரிமை சந்தேகத்துக்கு உள்ளாகும். அரசு உத்தியோகமும் எட்டாக்கனி. உயிரைப் பறிக்கும் சட்டம் அரிதாகவே பாய்ந்தது. வயலையும் வளவையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் பிடித்துவைத்த சட்டமோ நாள்தோறும் அழுத்தியது.

குருக்கள் இல்லாத ஆண்டுகள்

கத்தோலிக்க முறைப்படி குரு இல்லாமல் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஆனால் அவசரத்தில் எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். செபமாலை சொல்லக் குரு வேண்டியதில்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க அதை மனப்பாடமாக அறிந்த ஒருவர் போதும். இலங்கைக் கத்தோலிக்கர் இந்த இடைவெளிக்குள்தான் வாழ்ந்தார்கள். வீடுகளில் கூடிச் செபித்தார்கள், சுரூபங்களை ஒளித்துவைத்தார்கள். மாந்தையைச் சேர்ந்த சில குடும்பங்கள் 1670 அளவில் தம் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய்க் குடியேறியதாக மடுத் திருத்தலத்தின் மரபு கூறுகிறது. ஊர்ச் சபையைக் கூட்டி நடத்த மூப்பர், செபங்களையும் உபதேசத்தையும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார் என்ற பொறுப்புகளை வாஸ் அடிகளாரும் அவருடைய துணைக்குருக்களும் பின்னர் உறுதிப்படுத்தி ஊர்தோறும் பரப்பினர். அதற்கான மனிதர்களும் பழக்கமும் அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தன.

யோசப் வாஸ் அடிகளாரின் வருகை

1651இல் கோவாவின் பெனாலிம் என்ற ஊரில் பிறந்த வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்தார். வழியில் கண்ட வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. ஏழைப் பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்ததாக அவருடைய சரிதை சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க வழியில்லை. எனவே கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்தவர்களின் முகமாற்றத்தைக் கவனித்தார். அப்படித்தான் தம் மக்களை அடையாளம் கண்டார். சில்லாலை அவருடைய பணியின் நிலைக்களமாயிற்று. கிறிஸ்மஸ் இரவொன்றில் கூடியிருந்த கத்தோலிக்கர் யாழ்ப்பாணத்தில் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்ட பிறகு, அவர் புத்தளம் வழியாக, ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசுக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற பழியில் சிறைப்பட்டார். விடுதலையான பின், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளை மத வேறுபாடு பாராமல் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமானார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கூடி இராகத்தோடு வாசிக்கப்படும் நூலாகிப் பல தலைமுறைகள் நிலைத்தது. குரு வராத ஆண்டிலும் ஓர் ஊர் தன் துக்கத்தை இயேசுவின் பாடுகளோடு சேர்த்து நினைக்க அந்த நூல் வழிசெய்தது.

எதிர்வாதங்கள்

போர்த்துக்கேயர் தந்த சலுகைக்காக மதம் மாறியவர்கள் பழக்கத்தால் அதைத் தொடர்ந்தார்கள், இதில் விசுவாசம் எங்கே என்று கேட்கலாம். தொடக்கத்தைப் பற்றிய அளவில் இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 1658க்குப் பிறகு சலுகை முழுவதும் எதிர்த்தரப்பில் இருந்தது; சலுகைக்காக வந்தவர்கள் சலுகை போன திசையில் போயிருக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்துச் சீர்திருத்த சபை இருக்கிறது. அதற்கு அரசின் பணமும் பள்ளிகளும் இருந்தன. 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பிலிப்பு தெ மெல்லோ போன்ற தமிழ்ப் போதகர்களின் உண்மையான உழைப்பும் இருந்தது. ஆனாலும் 1796இல் ஒல்லாந்த அரசு போனதும் தோம்பில் பெயரளவில் இருந்தவர்கள் பெருந்தொகையாக விலகினர். குறை அச்சபையின் போதனையில் இல்லை. ஆதாயத்தையும் விசுவாசத்தையும் ஒரே ஏட்டில் எழுதியதில்தான் இருந்தது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. பலர் சீர்திருத்த சபையில் திருமணத்தைப் பதிந்துவிட்டு, பிறகு இரகசியமாகக் குருவைத் தேடிப்போனார்கள். இது இரட்டை வேடம் அல்லவா? அவர்கள் எல்லாரையும் வேதசாட்சிகள் என்று புகழ்வது பொய்யாகும். ஆனால் பிள்ளையின் காணியைக் காக்கத் தோம்பில் பெயர் எழுதியவர், எந்த ஆதாயமும் தராத, பிடிபட்டால் சவுக்கடி வாங்கித்தரும் இரவுச் செபத்துக்கும் போனார் என்பதே கவனிக்கவேண்டியது. அச்சம் உள்ளவரிடமும் விசுவாசம் இருக்கலாம். அத்தகையவர்களைத் தள்ளிவிடாமல் மீண்டும் சேர்த்துக்கொண்டதால்தான் சபை நிலைத்தது.

மூன்றாவதாக, கண்டி மன்னர்களின் தயவே இவர்களைக் காத்தது என்பர். பௌத்த மன்னர்களான இரண்டாம் விமலதர்மசூரியனும் நரேந்திரசிங்கனும் குருக்களுக்கு இடமளித்தது நன்றியோடு பதிவுசெய்யத்தக்க உண்மை. அந்த இடம் இல்லாவிட்டால் வாஸ் அடிகளாரின் பணி விரிந்திருக்காது. எனினும் யாழ்ப்பாணமும் மன்னாரும் அதற்கு முன்பே 29 ஆண்டுகள் அந்த நிழல் இல்லாமல் தாக்குப்பிடித்தன. ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் (1739–1747) கண்டியும் குருக்களை வெளியேற்றியது. சமூகம் அப்போதும் கலையவில்லை.

பிற்காலமும் மதிப்பீடும்

கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் மெயிட்லண்ட் 1806இல் நீக்கினார். ஒளிந்து தொடங்கிய மடு, நாட்டின் பெரிய திருத்தலமாயிற்று. உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் அதன் வளாகத்தில் தஞ்சமடைந்தனர்; 1999 நவம்பரில் அங்கும் எறிகணை விழுந்து பலர் மாண்டனர்; 2008இல் மாதா சுரூபம் மீண்டும் ஒருமுறை பாதுகாப்புக்காக இடம்பெயர்ந்தது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் சென்றார்.

துன்பத்தில் இருப்பவரிடம் ‘விசுவாசத்தோடு இரு’ என்று சொல்வது எளிது. அந்தச் சொல் மட்டும் எவரையும் நெடுநாள் தாங்குவதில்லை. இந்த 138 ஆண்டுகள் காட்டுவது வேறு வழி. கூட்டிவைக்க ஒருவர், சொல்லித்தர ஒருவர், நோயாளியின் பக்கத்தில் இருக்க ஒருவர், விழுந்தவரை மறுபடி சேர்த்துக்கொள்ளும் ஒரு கூட்டம் என்ற ஏற்பாடு இருந்த இடத்தில் விசுவாசம் பிழைத்தது. இன்று துவண்டுபோன ஒருவரைத் தேற்ற விரும்பும் சபை எதுவானாலும், ஆறுதல் வசனத்தோடு நின்றுவிடாமல் அவருக்காக இந்தக் கடமைகளில் ஒன்றையாவது ஏற்றுக்கொள்ளட்டும்.