வாய்ப்பாடும் பலாப்பழமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை எண்ணித் தட்டில் அடுக்கும் வேலை. "டீச்சர், பொண்ணு மூணாவது படிக்கிறா. பெருக்கல்னாலே அழுறா. எட்டாம் வாய்ப்பாட்டுக்கு என்னை முட்டி போட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அவன் எட்டாம் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல்தான் ஒப்பித்தான். "ஒரு பெட்டிக்கு எட்டு மாம்பழம், மூன்று பெட்டிக்கு எத்தனை?" என்று கேட்டதும் விழித்தான். கவனமில்லை என்று தண்டித்தேன். தவறு அவனுடையதல்ல, நான் பாடத்தைத் தொடங்கிய விதம்.

"திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம்தானே செய்தார்கள், கணக்கு வரவில்லையா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அது பாதி உண்மைதான்.

அங்கே கணக்குக்கு எண்சுவடி இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். கை, கண், வாய், காது எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. முழு எண்ணோடு முடியாது, அரை, கால், மாகாணி, முந்திரி என்று பின்னமும் உண்டு. நெல் அளவு, நில அளவு எல்லாம் கூடவே வரும். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். காலையில் சொன்ன எட்டாம் வாய்ப்பாட்டை மாலையில் களத்துமேட்டில் கண்ணால் பார்க்கலாம்.

கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூலில் ஒரு வேடிக்கை உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணலாமாம். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 50 என்றால் சுளை 60. சரியாக வருமா என்று அறுத்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது?

ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதையே செய்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறையையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் எடுக்கச் சொன்ன கணக்கில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆனால் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை. பிரம்படியும் குறைவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர் வந்து தேர்வு வைத்து, தேறிய பிள்ளைகளைப் பொறுத்து மானியம் தரும் முறை வந்தது. ஆய்வாளர் முன் தடங்காமல் ஒப்பித்தால் போதும். இப்படித்தான் படியும் மரக்காலும் வகுப்பை விட்டுப் போயின, ராகமும் பிரம்பும் மட்டும் தங்கின என்பது என் எண்ணம். என் கைக்கு வந்து சேர்ந்ததும் அந்த மிச்சம்தான்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டையை மும்மூன்றாகக் கூறு கட்டியபோதுதான் எனக்கே பெருக்கல் புரிந்தது என்று சொல்வேன். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து ஆட்டம், பாட்டு, கதை என்று இன்னும் கலகலப்பாக்கியது.

அதே 2022-இல் நம் வடக்குப்பட்டில் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்து பழங்காலக் கல் கருவிகளை எடுத்தார்கள். அகழாய்வுக்குக் கட்டம் கட்டமாகத்தான் குழி வெட்டுவார்கள். நீளவாக்கில் நான்கு கட்டம், அகலவாக்கில் மூன்று கட்டம் என்றால் மொத்தம் எத்தனை? முற்றத்தில் கோடு கிழித்து, கட்டத்துக்கு ஒரு குதி என்று குதித்து எண்ணச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டை அதற்குப் பிறகு சொல்லித் தரலாம். மனப்பாடமும் வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது வேலை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தட்டுக்கு எட்டு, மூன்று தட்டு என்று தினமும் ஷிப்டில் செய்கிறாயே, அதையே வீட்டில் புளியங்கொட்டை வைத்து உன் மகளுக்குக் காட்டு. அவள் கையாலேயே அடுக்கட்டும். அன்று உன்னை முட்டி போட வைத்ததற்கு இந்த டீச்சரை மன்னித்துவிடு.