மாணிக்கவாசகம், டான் ஸ்ரீ வி. (1926–1979)

மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) ஆறாவது தேசியத் தலைவர், கூட்டரசு அமைச்சர். 1959 பொதுத்தேர்தலில் ம.இ.கா. இடம்பெற்ற ஆளும் கூட்டணியின் சார்பில் கிள்ளானில் வென்றார். 1964, 1969 தேர்தல்களிலும் தொகுதி கைவிட்டுப் போகவில்லை. 1974 தொகுதிச் சீரமைப்புக்குப் பின் போர்ட் கிள்ளானுக்கு மாறினார்.

முதலில் தொழிலாளர் உதவி அமைச்சர், பிறகு அத்துறைக்கே அமைச்சர். 1967 தொழில்துறை உறவுச் சட்டம் அவர் காலத்தது. 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அப்படியே: குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்திலேயே காலம் தள்ளிய ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கு ஊர் திரும்பினர். இந்தியாவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பல் நின்று சென்ற போர்ட் சுவெட்டன்ஹாம், அமைச்சரின் சொந்தத் தொகுதிக்கு அருகில்தான் இருந்தது. சட்டத்தின் கடுமையை அவர் தணிக்க முயன்றார் என்பாரும், போதிய அளவு எதிர்க்கவில்லை என்பாரும் உண்டு.

கட்சி வரலாறுகள் விரிவாகப் பேசுவது சம்பந்தனோடு ஏற்பட்ட பூசலைத்தான். 1955 முதல் தலைவராயிருந்த துன் வீ. தி. சம்பந்தனுக்குத் துணைத் தலைவராயிருந்த மாணிக்கவாசகம், 1970களின் தொடக்கத்தில் அவருக்கு எதிரணியானார். பிரதமர் துன் ரசாக் தலையிட்டார். 1973 ஜூன் இறுதியில் சம்பந்தன் விலக, மாணிக்கவாசகம் தலைவரானார். அந்த விலகலுக்குக் காரணம் பிரதமரின் நெருக்குதலா, கிளைகளின் அதிருப்தியா என்பதில் இரு தரப்பாரின் கணக்கு ஒத்துப்போவதில்லை.

புதிய தலைவரின் நாட்டம் பொருளாதாரத்தில் இருந்தது. அரசின் புதிய பொருளாதாரக் கொள்கை, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு நிறுவனங்களில் 30 விழுக்காட்டுப் பங்குடைமையை இலக்காக வைத்திருந்தது. 1970இல் இந்தியர் கையிலிருந்ததோ சுமார் 1 விழுக்காடு. 1974இல் ம.இ.கா. தன் பொருளாதாரத் திட்ட வரைவை வெளியிட்டது. நேசா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் பிறந்தது. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கித் தொழிலாளரை அங்கேயே நிலைநிறுத்தப் பார்த்தது. நேசாவின் பார்வை பட்டணத்துப் பக்கம் சாய்ந்தது. இருவரின் பூசலைவிட இந்த வேறுபாடே முக்கியமானது; ஆனால் எழுதியவர்களுக்குப் பூசலில்தான் சுவை.

கட்சியின் 1977 துணைத் தலைவர் தேர்தலில் மாணிக்கவாசகம் ஆதரித்த எஸ். சுப்பிரமணியம், ச. சாமிவேலுவிடம் 26 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். கட்சியின் அடுத்த முப்பது ஆண்டுகளை அந்த 26 வாக்குகள் முடிவு செய்தன எனலாம்.

1979 மே மாதம் சம்பந்தன் காலமானார், அக்டோபரில் மாணிக்கவாசகம். தலைமை சாமிவேலுவிடம் போய் 2010 வரை அவரிடமே இருந்தது. மாணிக்கவாசகம் ஒருகாலத்தில் வென்ற கிள்ளான் தொகுதியை 2008இல் ஜனநாயகச் செயல் கட்சியின் சார்ல்ஸ் சந்தியாகோ வென்றார். 2022இல் அதே கட்சியின் வீ. கணபதிராவ் வென்றார்.