கொத்தும் புசலும்

நெல்லை விளைவிப்பவன் புசலாற் கணக்கிடுகிறான். அரிசியை வாங்குபவன் கொத்தாற் கணக்கிட்டு வந்தான். இலங்கையின் உணவுப் பிரச்சினையைப் பற்றிப் பேசப் புகுந்தோர் பலரும் இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகவே கருதி வந்திருக்கின்றனர். நெல் விலை ஏறினாற் கமக்காரன் வாழ்வான், நுகர்வோன் வாடுவான்; அரிசி விலை இறங்கினால் நுகர்வோன் வாழ்வான், கமக்காரன் வீழ்வான் என்பது அவர்தம் வாதம். ஆட்சிகள் மாறியபோதெல்லாம் இவ்வாதத்தின் ஒரு பக்கமோ மறுபக்கமோ அரசாங்கக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. ஆனால், கிராமங்களுக்குச் சென்று வீடு வீடாக விசாரித்தோரின் ஏடுகளைப் புரட்டுவோமாயின் வேறோர் உண்மை புலப்படும். அறுவடை நாளிற் கடனுக்காகப் புசற் கணக்கில் நெல்லை அளந்து கொடுக்கும் அதே ஏழைக் கமக்காரன், சில மாதங்களின் பின் கடை வாசலிற் கொத்துக் கணக்கில் அரிசி வாங்க நிற்கிறான். இவ்வுண்மையை நம் நாட்டுச் சமூக, பொருளாதார ஆராய்ச்சி எவ்வாறு கண்டது, ஆட்சியாளர் அதனை எவ்வாறு கைக்கொண்டனர் அல்லது கைவிட்டனர் என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவோம்.

கமக்காரனைக் கணக்கெடுக்கும் வழக்கம் இந்நாட்டில் அவன் நலங்கருதித் தோன்றியதன்று. பிரித்தானிய ஆட்சியில் வயல்களின் விளைச்சலை மதிப்பிட்டவர்கள் தானிய வரிக்காகவே மதிப்பிட்டனர். 1878 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியைப் பணமாகவே செலுத்த வேண்டும் என வற்புறுத்தியது. மழை பொய்த்த ஆண்டிலும் பணங் கட்ட வேண்டியிருந்தமையால், வரி கொடாதாரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வலப்பனை, உடஹேவாஹெட்டைப் பகுதிகளிற் குடியானவர் பலர் நிலத்தை இழந்தனர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்பவர், நிலம் பறிபோன குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்து, அவர்களுட் பலர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர் என்று எழுதினார். தேசாதிபதி ஆதர் கோடன் அதனை ஏற்கவில்லை. எனினும் அக்கணக்கு இங்கிலாந்துவரை சென்று கிளர்ச்சியை உண்டாக்கியது. 1892 ஆம் ஆண்டில் தானிய வரியை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

வரி வசூலிக்கும் உத்தியோகத்தர் ஒருவரே, வரியின் விளைவை விசாரிக்க முற்பட்டதும், தம் அரசாங்கத்துக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டார். விளைச்சல் எவ்வளவு என்று கேட்பது கணக்காளன் வேலை. விளைத்தவன் எவ்வாறு வாழ்கிறான் என்று கேட்பது ஆராய்ச்சியாளன் வேலை. இரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை அன்றே அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. நெல்மீதான வரி நீங்கிய பின்னரும் இறக்குமதி அரிசி மீதான தீர்வை நீடித்தது. அதனைச் சுமந்தோர் தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் கூலிகளுமே. குடியானவன் பாரத்தை இறக்கிய ஆட்சி, தொழிலாளியின் உலையில் வைத்த பாரத்தை இறக்கவில்லை. உற்பத்தியாளனையும் நுகர்வோனையும் தனித்தனியே நோக்கும் வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் அரிசி என்ற சொல் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் யாவர் வீட்டிலும் புகுந்தது. போருக்குப் பின்னரும் அது நீங்கவில்லை. ஒருபுறம் குறைந்த விலையில் மக்களுக்கு அரிசி. மறுபுறம் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ்க் கமக்காரனுக்கு நிலையான விலை. 1950 களின் பெரும்பகுதியிலும் அவ்விலை புசலுக்கு 12 ரூபாவாக இருந்தது. இவ்விரண்டுக்குமிடையேயான இடைவெளியை அரசாங்க நிதி நிரப்பியது.

1953 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொத்து 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசியை அரசாங்கம் 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். நகரத் தொழிலாளரின் கிளர்ச்சி என்று மாத்திரம் இதனைக் கருதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. மேற்கு, தென் மாகாணக் கிராமங்களிலும் மக்கள் வீதிக்கு வந்தனர், தண்டவாளங்களைப் பெயர்த்தனர். அரிசி விலை உயர்ந்தாற் கிராமத்தான் மகிழ வேண்டுமே. அவன் ஏன் எதிர்த்தான்?

இக்கேள்விக்கான விடை அக்காலத்து ஆய்வுகளிலேயே இருந்தது. 1952 இல் வெளியான காணியின்மை பற்றிய அறிக்கை, விவசாயக் குடும்பங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்குச் சொந்தக் காணி இல்லை என்று காட்டியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் கண்டி மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்து 1957 இல் வெளியிட்ட நூலுக்குச் ‘சிதைந்துவரும் கிராமம்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். துண்டு துண்டாகப் பிரிந்த நிலம், கடன், கூலிக்கு அலையும் குடும்பங்கள் ஆகியனவே அவர்கள் கண்ட கிராமம். பாடப் புத்தகங்கள் வருணிக்கும் தன்னிறைவுக் கிராமம் அங்கு இருக்கவில்லை. விற்க நெல்லில்லாதவனுக்கு நெல் விலை ஏறி என்ன பயன்? அவனுக்குக் கொத்தின் விலையே உயிர் நாடி. உத்தரவாத விலை காணியுள்ளவனைச் சென்றடைந்தது. பாதி வாரம் கொடுத்து, விதைநெற் கடனை வட்டியோடு தீர்த்து, மிஞ்சியதைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்தவனுக்கு அது பெயரளவிலேயே கிடைத்தது.

இதனையுணர்ந்து நிலவுறவில் கைவைக்க முயன்றவர் பிலிப் குணவர்தனா. அவர் கொணர்ந்த 1958 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம், வாரத்தை விளைவில் நாலிலொரு பங்குக்கு மேற்படாமல் வரையறுத்தது. வாரக்குடிக்கு நிலையான உரிமையளித்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நிலவுடைமையாளர் அடங்கிய அமைச்சரவையிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. சட்டம் நின்றது, ஆனால் வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். குடியைக் கூலியாள் என்று எழுதிக்கொள்ளும் தந்திரமும் நடைமுறைக்கு வந்தது.

1972 இல் நாடாளுமன்றச் சட்டமொன்றினால் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் கொழும்பில் நிறுவப்பட்டது. அன்றைய விவசாய அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயரைப் பின்னர் அந்நிறுவகம் பெற்றது. நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த அதே ஆண்டில் இது தோன்றியமை தற்செயலன்று. பயிரையும் பூச்சியையும் ஆராய வேறு நிலையங்கள் இருந்தன. பயிரிடும் மனிதனை ஆராய ஒன்று வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டை, கண்டி, பொலன்னறுவை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் நெற்செய்கையைப் பற்றி அது நடத்திய தொடக்க கால ஆய்வுகள், சட்டம் வந்து பல ஆண்டுகளின் பின்னும் பாதி வாரம் பல இடங்களில் நிலைத்திருந்ததை வெளிப்படுத்தின. சட்டப் புத்தகத்தில் ஒழிந்த வழக்கம் களத்தில் ஒழியவில்லை என்பதைக் களத்துக்குச் சென்றோரே கண்டு கூற முடிந்தது.

ஆராய்ச்சி அறிக்கையோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்குக் கல்லோயா சான்று. இப்பெயர் நமக்குக் கசப்பான நினைவையும் தருவது. 1956 இல் பேராசிரியர் தம்பையா அங்குள்ள குடியேற்றங்களைத் தம் மாணவரோடு ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில் இனக் கலவரம் மூண்டது. தமிழரான அவர் ஆய்வை விட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய பாதுகாப்பைக் கவனித்தவர்கள் அவருடன் சென்ற சிங்கள மாணவரே. கால் நூற்றாண்டின் பின், அதே கல்லோயாவின் இடதுகரையில், கமநல நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் நீர்ப் பங்கீடு பற்றிய பணியொன்றை மேற்கொண்டன. வேலையற்றிருந்த பட்டதாரி இளைஞர் 1981 முதல் அமைப்பாளராகக் கமக்காரரிடையே சென்று குடியிருந்தனர். அவர்கள் உத்தரவிடவில்லை, வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் உள்ளோரை ஒன்றாக இருந்து பேச வைத்தனர். தூர்ந்த வாய்க்கால்களைக் கமக்காரரே வெட்டித் துப்புரவாக்கினர். குளத்தில் நீர் குறைந்த காலத்தில், தலைமடையிலிருந்த சிங்களக் கமக்காரர் கடைமடையிலிருந்த தமிழ் பேசும் கமக்காரருக்கு நீர் விட்டுக் கொடுத்தனர். 1983 ஆம் ஆண்டின் கொடுமைகள் நாட்டை உலுக்கிய காலப்பகுதியை ஒட்டியே இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது, கமக்காரனின் அறிவிலும் பண்பிலும் நம்பிக்கை வைத்த ஆராய்ச்சி என்ன செய்ய வல்லது என்பது விளங்கும்.

ஆயினும் நாட்டின் பொதுக் கொள்கை வேறு திசையிற் சென்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை கண்டன. வாங்குவோர் வரிசைகளில் நின்று வாடினர். 1977 இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் இறக்குமதி மிளகாய் வந்து குவிந்தது. வடக்கின் தோட்டக்காரர் விழுந்தனர். அதே ஆட்சி 1978 இற் கூப்பன் அரிசியை வறியோருக்கு மாத்திரமாகச் சுருக்கி, 1979 இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொடுத்தது. முத்திரையிற் குறித்த பணத்தொகை அப்படியே இருக்க, விலைவாசி ஏறிக்கொண்டு போயிற்று. முதலிற் கமக்காரனுக்காக நுகர்வோனும், பின்னர் நுகர்வோன் பெயரால் கமக்காரனும் பலியிடப்பட்டனர். ஈற்றில் இருவருமே கைவிடப்பட்டனர்.

அண்மைக் கால அனுபவம் இப்பாடத்தை மேலும் கொடூரமாகப் புகட்டியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கைப் பசளை நன்றா தீதா என்பது ஈண்டு வினாவன்று. எந்தக் கமக்காரனைக் கேட்டு, எந்த ஆய்வின் அடிப்படையில் ஒரே போகத்தில் இம்மாற்றம் புகுத்தப்பட்டது என்பதே வினா. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது, விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி முறிவும் சேர்ந்துகொள்ள, 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. வயலிற் கமக்காரன் தோற்ற அதே ஆண்டில் அடுப்படியில் நுகர்வோன் தோற்றான். ஒருவன் நட்டம் மற்றவன் இலாபம் என்ற பழைய வாதம் இதற்கு என்ன விடை கூறும்?

நம் நாட்டில் ஆராய்ச்சி இல்லாமற் போகவில்லை. வலப்பனையின் கணக்கு முதல் கல்லோயாவின் வாய்க்கால் வரை, கேட்க வேண்டியவரைக் கேட்டறிந்த முயற்சிகள் உள. அவற்றைச் செவிமடுக்கும் ஆட்சியே அரிதாயிற்று. அதனோடு ஆராய்ச்சியின் குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். இவ்வறிக்கைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திற் பிறந்து நூலகங்களில் உறங்குகின்றன. எவனுடைய வாழ்வை அவை அளந்தனவோ அவன் அவற்றைப் படித்தறியான். நாற்று நடும் பெண்ணின் கூலியையும், காணியில்லாத தோட்டத் தொழிலாளியின் உலையையும், போரின் பின் மீளக் குடியேறிய வன்னிக் கமக்காரனின் கடனையும் அதே வீட்டின் உணவுச் செலவோடு சேர்த்து, அவர்தம் மொழியிலேயே எழுதும் ஏடுகள் நமக்கு வேண்டும். அவ்வாறு எழுதப்படும் கணக்கைக் கமக்காரர் சங்கத்திலும் சங்கக்கடை வாசலிலும் உரத்து வாசிக்க முடியுமாயின், புசலின் விலையை யார் தீர்மானிக்கிறார், கொத்தின் விலையை யார் தீர்மானிக்கிறார், இடையிலுள்ள இலாபம் யார் கைக்குச் செல்கிறது என்ற கேள்வியை மக்களே கேட்பர். அக்கேள்விக்கு அஞ்சுவோரே இதுகாறும் கமக்காரனையும் நுகர்வோனையும் ஒருவருக்கொருவர் பகைவராக நிறுத்தி வந்தவர்கள்.