எண்ணால் அழைக்கப்பட்ட மனிதர்: டெக்ஸாஸ் மாட்டுப்பண்ணையாளர் '80 ஜான்'

நம் வளாகத்தில் பலருக்கு நான் 'பி-304 மாமா'தான். பத்து வருடமாக இங்கே குடியிருக்கிறேன். லிஃப்டில் தினமும் பார்த்துச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் அவர்கள் ஏ-102, சி-501 என்றுதான் மனதில் பதிந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்துக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது ஆயுள் முழுக்க ஓர் எண்ணால் அழைக்கப்பட்ட மனிதர் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். ஊரார் கூப்பிட்ட பெயர் '80 ஜான்'. ஜான் என்பதும் அவர் பெயரல்ல. பெற்றோர் வைத்த பெயர் டேனியல் வெப்ஸ்டர் வாலஸ்.

1860 செப்டம்பரில், டெக்ஸாஸின் விக்டோரியா கவுண்டியில் பிறந்தார். தாய் மேரி, அடிமை. மகன் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த அம்மாளை ஓ'டேனியல் என்ற குடும்பம் விலைக்கு வாங்கியிருந்தது. பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்பது அன்றைய அடிமைச் சட்டம். ஆகவே வயிற்றில் இருந்த பிள்ளையும் அந்த விலைக்குள் அடக்கம். 1865 ஜூன் 19-இல் ராணுவத் தளபதி கிரேஞ்சர், கால்வெஸ்டன் நகரில் விடுதலை ஆணையை அறிவித்தபோது சிறுவனுக்கு ஐந்து வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

விடுதலை வந்தாலும் வயிற்றுப்பாட்டுக்குப் பருத்திக்காடுதான். களைக்கொட்டைப் பிடிப்பது அந்தப் பையனுக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதை ஒட்டி, மேற்கே மாட்டு மந்தை ஓட்டிப்போகும் கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பிவிட்டான். கௌபாய் என்றதும் நம் கண்முன் வருவது சினிமாவில் பார்த்த வெள்ளைக்காரர்கள்தான். உண்மையில் அந்தக் கால டெக்ஸாஸில் மந்தை ஓட்டியவர்களில் கணிசமானவர்கள் கறுப்பினத்தவர்களும் மெக்ஸிகோக்காரர்களும். நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு.

பல பண்ணைகளில் வேலை பார்த்த பிறகு கிளே மான் என்ற பெரிய பண்ணைக்காரரிடம் வந்து சேர்ந்தார். அந்த நாளில் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. முள்கம்பி வேலியே அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. எல்லார் மாடுகளும் கலந்து மேயும். ஆண்டுதோறும் மொத்தமாக வளைத்துப் பிடித்து, இன்னார் மாடு என்று உடம்பில் போட்ட சூட்டுக்குறியைப் பார்த்துப் பிரிப்பார்கள். கன்றுக்குத் தாய்ப்பசுவின் குறியே போடப்படும். (அடிமைச் சட்டம் நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது.) கிளே மானின் மாடுகளுக்குச் சூட்டுக்குறி '80'. அந்த மந்தையைப் பார்த்துக்கொண்ட வாலஸுக்கும் அந்த எண் ஒட்டிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. வாலஸுக்கு மாதச் சம்பளம் 30 டாலர். அவர் முதலாளியோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மாதம் 5 டாலர் கையில் கொடுத்தால் போதும், மீதி 25 டாலரை நிறுத்தி வைத்து, அதற்கு மாடுகளாகத் தர வேண்டும். அந்த மாடுகள் மானின் நிலத்திலேயே இலவசமாக மேயலாம். இப்படி இரண்டு வருடம். கூட்டிப் பாருங்கள், 600 டாலர். சம்பளத்தில் பெரும்பகுதியை ஈஎம்ஐக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நமக்குக் கையில் ஒப்பந்தம் இருந்தது, கேட்பதற்கு கோர்ட் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கறுப்பின இளைஞன், ஒரு வெள்ளை முதலாளியின் வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடச் சம்பளத்தை விட்டு வைத்தான். முதலாளி சொன்னபடியே நடந்துகொண்டார்.

1885-இல் மிட்செல் கவுண்டியில் லொரெய்ன் என்ற ஊருக்குத் தென்கிழக்கே 1,280 ஏக்கர் வாங்கினார் வாலஸ். டெக்ஸாஸில் நிலத்தை 'செக்ஷன்' கணக்கில் அளப்பார்கள். ஒரு செக்ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இவர் வாங்கியது இரண்டு செக்ஷன். நம் பத்திரத்தில் யுடிஎஸ் என்று போட்டிருக்கும் நானூற்றுச் சொச்சம் சதுர அடியை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். அது மழை குறைந்த வறண்ட பூமி. ஒரு மாட்டுக்கே பல ஏக்கர் புல் வேண்டும்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் விசித்திரம். 25 வயதில், நிலமும் மாடும் உள்ள மனிதர், நவாரோ கவுண்டிக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தார்! குதிரையில் உட்கார்ந்தே வளர்ந்த ஆள் அந்தச் சின்ன பெஞ்சில் எப்படி உட்கார்ந்தாரோ. தன் நிலப் பத்திரத்தைத் தானே படிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். இது என் ஊகம். இரண்டு குளிர்காலங்களில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அங்கேதான் லாரா டீ ஓவன்ஸைச் சந்தித்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த பெண், ஆசிரியையாக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1888 ஏப்ரலில் இருவருக்கும் கல்யாணம். மூன்று பெண்கள், ஒரு பையன்.

சொந்த நிலம் வந்த பிறகும் வாலஸ் கிளே மானின் வேலையை விடவில்லை. 1889-இல் மான் இறந்துபோனார். சொந்தப் பண்ணையைப் பார்க்கப் போகலாம் என்றால் அப்போதே போயிருக்கலாம். ஆனால் மானின் மனைவிக்குத் துணையாகச் சில காலம் அங்கேயே இருந்து வேலைகளைக் கவனித்தார். அதன் பிறகே முழுநேரமும் தன் நிலத்துக்கு வந்தார். வறட்சி வந்தது, மாட்டு விலை விழுந்தது. அவர் சேர்த்ததை விடவில்லை, நிலத்தோடு நிலம் சேர்த்தார்.

அசோசியேஷன் வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு தகவல். மாட்டுத் திருட்டைத் தடுக்க, 1877-இல் டெக்ஸாஸின் கிரஹாம் ஊரில் பண்ணைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ரயிலேற்றும் இடங்களிலும் சந்தைகளிலும் ஆள் போட்டுச் சூட்டுக்குறிகளைச் சரிபார்ப்பது அதன் முக்கிய வேலை. டெக்ஸாஸ் அண்ட் சவுத்வெஸ்டர்ன் கேட்டில் ரெய்ஸர்ஸ் அசோசியேஷன் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. வாலஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் உறுப்பினர்.

அது எப்படிப்பட்ட முப்பது ஆண்டுகள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று 1876-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் அரசியல் சாசனமே சொன்னது. ரயிலில் தனிப் பெட்டி. வாக்களிக்க 1902 முதல் வரி. மாநிலத்தில் ஆட்சியைத் தீர்மானித்ததே டெமாக்ரடிக் கட்சியின் முதற்கட்டத் தேர்தல்தான். அதில் கறுப்பர்கள் வாக்களிக்க 1923-இல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். அந்தத் தடை உச்ச நீதிமன்றத்தில் அடியோடு வீழ்ந்தது 1944-இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே வாலஸ் இறந்துவிட்டார். மேய்ச்சல் காட்டில் எல்லாருக்கும் ஒரே வண்டிச் சமையல். ஊருக்குள் வந்தால் கதவுகள் வேறு. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எந்த லிஃப்டில் ஏறலாம் என்று நம் பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் பேசினோமே, இதைப் படித்தபோது அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. எழுதாமல் விட மனம் வரவில்லை.

பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஊரில் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் பணம் கொடுத்தார். கொலராடோ சிட்டி என்ற பக்கத்து ஊரில் (கொலராடோ மாநிலம் அல்ல, டெக்ஸாஸிலேயே உள்ளது) கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் இருபத்தைந்து வயதில் உட்கார்ந்தவரின் பெயர்! அங்கே '80' இல்லை, வாலஸ் என்ற குடும்பப் பெயர்தான்.

1939 மார்ச் 28-இல், 78-ஆம் வயதில் இறந்தார். அப்போது எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் சொந்த நிலம், சில நூறு மாடுகள். சொத்து மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது என்கிறார்கள். மகள் ஹெட்டி வாலஸ் பிராஞ்ச் 1960-இல் அப்பாவின் கதையைப் புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பில் '80 ஜான்' என்றே இருக்கிறது. ஊர் வைத்த எண்ணை மகள் விலக்கவில்லை.

நம் வளாகத்தில் பிள்ளைகளைப் பார்க்க டல்லாஸ் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப்போனது என்று திரும்பி வந்து சொல்கிறீர்கள். டல்லாஸிலிருந்து 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே காரில் நாலு மணி நேரம் போனால் லொரெய்ன் வரும். சின்ன ஊர். வாலஸ் நினைவாக அங்கே வரலாற்றுப் பலகை ஒன்று இருக்கிறது. அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பெயர்த்தெடுத்து, லப்பக் நகரில் உள்ள நேஷனல் ரேஞ்சிங் ஹெரிட்டேஜ் சென்டரில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை மகனையோ மருமகனையோ ஒரு வாரக்கடைசியில் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். வீட்டை ஒரு போட்டோ எடுத்து பி-304-க்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.